சேலத்துப் பவுண்டரிகளின் கழிவு மணல்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

கடந்த ஆறேழு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உலோகம் வார்த்த மணல் அச்சை உடைத்த பிறகு மிஞ்சும் மணலை என்ன செய்வது? இரும்பாலை ரோட்டுப் பக்கம் அண்ணனும் தம்பியுமாக எஃகு வார்ப்புப் பவுண்டரி நடத்துகிறார்கள். முதலில் போன் செய்தவர் தம்பி. "சார், இத்தனை வருஷமா மணல் எடுத்த டிப்பர்காரர் இனிமே வர மாட்டேங்கிறார். ஷெட்டுக்குப் பின்னாடி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. மணலை மீட்கிற மெஷின் வாங்கலாமா, பிளாக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா, இல்ல கும்மிடிப்பூண்டி கழிவுப் புதைகுழிக்கு அனுப்பணுமா?" அடுத்தவர் கருப்பூர்ப் பக்கம் பம்பு பாகங்கள் வார்க்கும் வார்ப்பிரும்புப் பவுண்டரிக்காரர். மூன்றாமவர் நான்கு ஆட்களை வைத்துப் பித்தளைக் குழாய் வார்க்கும் பட்டறைக்காரர்.

மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்காவது அது கெடுதலாக முடிந்திருக்கும். பவுண்டரி மணல் லேபில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பதில்கள் எப்படிப் பிரிந்தன என்பதை எழுதி வைக்கிறேன்.

## குவியலில் இருப்பது ஒரே மணல் இல்லை

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு மணல்தான். உள்ளே நான்கைந்து சரக்கு கலந்திருக்கும்.

கிரீன் சாண்ட் என்பது நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு சிலிக்கா மணல். மீதி பென்டோனைட் களிமண், கரித்தூள், ஈரம். இதில் ரசாயனப் பசை இல்லை. ரெசின் மணலில் ஃபியூரான் அல்லது பீனாலிக் ரெசினும் அதற்கான ஹார்டனரும் இருக்கும். சிலிகேட்டும் கார்பன் டை ஆக்சைடும் சேர்த்து இறுக வைக்கும் மணலில் சோடியம் தங்கிவிடும். இவற்றோடு கோர் மணல் (வார்ப்புக்குள் வெற்றிடம் விட வைக்கும் கருவின் மணல்), பர்னஸ் கசடு, ஷாட் பிளாஸ்ட் தூசி, கிரைண்டிங் தூசி, பேக் ஃபில்டர் தூசி (காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கும் துணிப்பையில் சேர்வது) எல்லாம் ஒரே மூலையில் கொட்டப்படுகின்றன.

கொட்டுகிற அந்த இடத்திலேயே முக்கால்வாசி நஷ்டம் நடந்துவிடுகிறது. தனியாக இருந்தால் பிளாக் கம்பெனிக்குப் போகக்கூடிய சுத்தமான கிரீன் சாண்டில் நான்கு மூட்டை பேக் ஃபில்டர் தூசியைக் கலந்துவிட்டால், மொத்தக் குவியலும் சந்தேகச் சரக்காகிவிடும். அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் செலவு நான்கு தடுப்புச் சுவரும், நான்கு பெயர்ப் பலகையும், மேலே ஒரு கூரையும்தான். மழையில் நனையும் குவியலிலிருந்து வழிகிற தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் அளந்து பார்க்கிறேன்.

முதல் கேள்வி, என்ன பைண்டர், அதாவது மணலை ஒட்டவைத்த பொருள் என்ன? அடுத்தது, என்ன உலோகம்? இரும்பு, எஃகு, அலுமினியம் வார்த்த சிலிக்கா மணல் பெரும்பாலும் சாதுவானது. பித்தளை, வெண்கலம் வார்த்த மணலில் ஈயம், துத்தநாகம், சில நேரம் காட்மியமும் சேர்ந்திருக்கும். மூன்றாவது, மாதம் எத்தனை டன்? நான்காவது, கேட்டைத் தாண்டிய பிறகு அந்த மணலுக்கு யார் பொறுப்பு? ஐந்தாவது, ஒரு டன்னுக்கு முழுச் செலவு என்ன? புது மணலின் விலை, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, சோதனைச் செலவு, வார்ப்பில் வரும் குறைபாட்டின் நஷ்டம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. "லாரிக்காரர் இலவசமா எடுத்துட்டுப் போறார்" என்பவர்கள் புது மணல் வாங்கும் பில்லை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்த ஐந்தில் முதல் இரண்டும் மணலை என்ன செய்திருக்கின்றன என்று தெரிய, சோதனை வேண்டும்.

## சோதனை: எதை, எப்படிப் பார்ப்பது

இரண்டு விதச் சோதனைகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

ஒன்று, மணல் திரும்ப அச்சுக்கு உதவுமா என்பதற்கானது. சூடாக்கினால் எவ்வளவு எடை எரிந்து போகிறது என்ற எல்.ஓ.ஐ., துகள் பருமனுக்கான ஏ.எஃப்.எஸ். எண், உயிருள்ள, அதாவது இன்னும் ஒட்டும் திறனுள்ள களிமண் எவ்வளவு என்று காட்டும் மெத்திலீன் புளூ சோதனை, பி.எச்., அமிலத் தேவை. இவற்றைப் பவுண்டரியிலேயே ஒரு சின்ன அறையில் செய்துகொள்ளலாம். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் துறை இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் துறை உள்ள கல்லூரிகள் குறைவு. நம் ஊரிலேயே இருக்கும்போது போய்ப் பேசிப் பார்ப்பதில் என்ன தயக்கம்?

இன்னொன்று, மணல் வெளியே போனால் கெடுதல் செய்யுமா என்பதற்கானது. இதில் முக்கியமானது டி.சி.எல்.பி. சோதனை. மாதிரியை அதன் எடையைப் போல 20 மடங்கு அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு 18 மணி நேரம் சுழற்றி, கரைந்து வந்த உலோகத்தை அளப்பார்கள். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் இரண்டாம் அட்டவணையில் இதற்கு வரம்பு இருக்கிறது. ஈயத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம், காட்மியத்துக்கு 1 மில்லிகிராம். தாண்டினால் அது அபாயகரக் கழிவு. ரெசின் மணலாக இருந்தால் பீனாலையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். குவியலின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் அந்தக் கைப்பிடிக்கு மட்டும்தான் ரிப்போர்ட் வரும். ஒரு வாரம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் அச்சை உடைத்து வார்ப்பை எடுக்கும் நாக்-அவுட் இடத்திலிருந்து ஒரு கிலோ எடுத்துச் சேருங்கள். கடைசியில் எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் கால்பாகங்களை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். இரண்டு கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யலாம். அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அதை அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. பித்தளை மணலில் இரும்புத்தூளைக் கலந்தால் ஈயத்தின் அளவு சோதனையில் குறைந்து காட்டும். இதை யோசனையாகச் சொல்பவர்கள் உண்டு. ஈயம் எங்கும் போய்விடவில்லை. இரும்பு துருப்பிடித்து முடித்ததும் அது மறுபடி கரையத் தொடங்கும். அமெரிக்காவில் இப்படிக் கலப்பதை விதி போட்டே தடுத்திருக்கிறார்கள்.

## வழி 1: டிப்பர்காரரிடம் கொடுத்துப் பள்ளம் நிரப்புவது

இதுவரை பெரும்பாலானோர் செய்துவந்தது இதுதான். கைக்காசு குறைவு, யோசனை குறைவு, இடம் உடனே காலியாகும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பல வருடம் இப்படித்தான் ரெசின் மணல் போனது. அருகில் ஒரு காலிமனையை மேடாக்கினார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து, அந்த மனைக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு கேட்டில் வந்து நின்றார். "கிணத்துத் தண்ணில பினாயில் வாசம் வருது, பாருங்க தம்பி." முகர்ந்து பார்த்தேன். வந்தது. அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எந்த லோடு எங்கே போனது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட நாங்கள் வைத்திருக்கவில்லை. லேபில் இருந்தவன் நான். அந்த மணலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே போவதைப் பற்றி நான் அதுவரை கேட்டதே இல்லை. அந்தச் சொம்பு இன்னமும் கண்ணில் நிற்கிறது.

ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தில் பீனால் சேர்மங்களுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். கணக்குப் போட்டால், ஒரு கிராம் பீனால் 10 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி நூறு! சேலம் பாறைப் பூமி. நம் கிணறுகளுக்குத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக வருகிறது. மணற்பாங்கான ஊரில் மண் வடிகட்டுகிற அளவுக்கு இங்கே எதுவும் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வந்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு, பொறுப்பு. அபாயகரக் கழிவு என்றால் டிப்பரில் ஏற்றியதோடு பொறுப்பு கை மாறுவதில்லை; சுற்றுச்சூழலுக்கோ பிறருக்கோ ஏற்படும் சேதத்துக்கு அதை உண்டாக்கியவரே பொறுப்பு என்று விதிகள் சொல்கின்றன. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றது. பத்து வருடம் கழித்துத் தோண்டி எடுக்கச் சொன்னால், மணலோடு அதன் அடியில் இருக்கும் மண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

இது பொருந்தும் நிலைமை ஒன்றே ஒன்று: ரசாயனப் பைண்டர் இல்லாத, இரும்பு வார்த்த கிரீன் சாண்ட், சோதனை ரிப்போர்ட் கையில், எந்த இடம், யாருடைய நிலம், எத்தனை லோடு என்று எழுத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவித்தபடி, கிணறு, ஏரி, ஓடை அருகில் இல்லாத இடம். திருமணிமுத்தாற்றில் போய்ச் சேரும் ஓடைகள் நகரமெங்கும் இருக்கின்றன. "இது வெறும் பள்ளம்தானே" என்று நினைக்கும் இடம் பல நேரம் ஓடையாக இருக்கும்.

## வழி 2: பவுண்டரிக்குள்ளேயே மணலை மீட்பது

கட்டியை உடைத்து, காந்தத்தால் இரும்பை எடுத்து, துகளோடு துகளை உரசவிட்டுப் பைண்டர் தோலை உரித்து, தூசியை உறிஞ்சி, ஆறவைத்து, திரும்ப மிக்சருக்கு. இதுதான் மெக்கானிக்கல் ரெக்ளமேஷன்.

ஃபியூரான் ரெசின் மணலுக்கு இது கைமேல் பலன் தரும். 80 முதல் 90 சதவீதம் வரை பழைய மணலைத் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். அண்ணன் தம்பி பவுண்டரிக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதம் 40 டன் வார்ப்பு. ஒரு டன் உலோகத்துக்கு நான்கு டன் மணல் என்றால் 160 டன். மீட்பு இல்லாவிட்டால் 160 டன் புதிதாக உள்ளே, 160 டன் கழிவாக வெளியே. வந்துசேரும் விலை டன்னுக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால் மணலுக்கு மட்டும் 4,80,000 ரூபாய். 85 சதவீதம் மீட்டால் புது மணல் 24 டன் போதும், 72,000 ரூபாய். மீட்கும் 136 டன்னுக்கு மின்சாரம், ஆள், தேய்மானம் எல்லாம் டன்னுக்கு 500 ரூபாய் என்று போட்டால் 68,000. மாதம் 3,40,000 ரூபாய் மிச்சம். வெளியே போகும் சரக்கும் 24 டன்னாகச் சுருங்கிவிடுகிறது. மீட்ட மணலுக்கு ரெசினும் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே ஆகும்.

இதே கணக்கை மாதம் 10 டன் வார்ப்பவருக்குப் போட்டால் மிச்சம் 85,000தான். மெஷினின் விலை அந்த விகிதத்தில் இறங்காது. அவர் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இந்த வழியில்தான் அவை அதிகம். விற்பவர்கள் இவற்றைப் பேச மாட்டார்கள்.

மணல் சுத்தமாகச் சுத்தமாக, அழுக்கெல்லாம் தூசியில் சேர்கிறது. மெஷினிலிருந்து வரும் பேக் ஃபில்டர் தூசி குறைந்த அளவுதான். ஆனால் பழைய குவியலைவிட அழுக்கு செறிந்த சரக்கு. அதைத் தனியாகச் சோதித்து, தனி வழியில் அனுப்ப வேண்டும்.

அடுத்தது வார்ப்பின் தரம். எல்.ஓ.ஐ. ஏறினால் வாயு ஏறும். பின்ஹோல், புளோஹோல் என்ற வாயுத் துளைகள் வார்ப்பில் வரும். ஃபியூரான் மணலில் நைட்ரஜனும், சல்ஃபோனிக் அமில ஹார்டனர் வழியாகக் கந்தகமும் சேர்ந்துகொண்டே போகும். கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்க வேண்டிய எஸ்.ஜி. இரும்பை வார்ப்பவர்களுக்கு அந்தக் கந்தகம், வார்ப்பின் மேல்தோலில் அந்த உருண்டைகளைச் சிதைத்துவிடும். ஆகவே தினமும் எல்.ஓ.ஐ. பார்க்க ஓர் ஆள் வேண்டும். மெஷின் வாங்கி லேப் வைக்காதவர்கள், மிச்சம் பிடித்த காசை ரிஜெக்ஷனில் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஆட்களின் நுரையீரல். மணலை உரசினால் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசி கிளம்பும். சிலிகோசிஸ் வந்தால் திரும்பாது. மருந்தால் குணமாகும் நோய் இல்லை அது. மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது பாதுகாப்பே கிடையாது. மணல் ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றில் விழும் ஒவ்வொரு இடத்திலும் மூடியும் உறிஞ்சு குழாயும் வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது. தூசி உறிஞ்சும் அமைப்பைக் கழித்துவிட்டு விலை குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அந்த மெஷினை வாங்காதீர்கள்.

பைண்டரைப் பொறுத்து மகசூலும் மாறும். ஆல்கலைன் பீனாலிக் ரெசினில் பொட்டாசியம் சேர்வதால் ஃபியூரான் அளவுக்கு மீட்க முடியாது. சிலிகேட் மணல் இன்னும் பிடிவாதம். சோடியம் தங்கித் தங்கி மணல் சூட்டைத் தாங்கும் திறன் குறைந்துவிடும்.

கிரீன் சாண்ட்காரர்களுக்கு இந்த வழியின் பொருளே வேறு. அவர்கள் மணல் ஏற்கெனவே சுற்றிச் சுற்றித்தான் வருகிறது. வெளியே தள்ளுவது, கோரிலிருந்து வந்து சேரும் கூடுதல் மணலும், சூட்டில் செத்துப்போன களிமண்ணும்தான். கருப்பூர்க்காரருக்கு நான் மெஷின் எதுவும் சொல்லவில்லை. காந்தம், நல்ல சல்லடை, மணல் ஆற இடம், வாரம் இரண்டு மெத்திலீன் புளூ சோதனை. "மணல் செத்துப்போச்சு" என்று அவர்கள் கைக்கணக்கில் தள்ளிய பல லோடுகளில் களிமண் இன்னும் உயிரோடுதான் இருந்தது.

## வழி 3: சூட்டில் எரித்து மீட்பது, பலர் சேர்ந்து

மணலை 650 முதல் 800 டிகிரி வரை சூடாக்கி ரெசினை முழுதாக எரிப்பது தெர்மல் ரெக்ளமேஷன். வருவது ஏறக்குறையப் புது மணல். ஒரு விஷயத்தில் அதைவிட மேல். சிலிக்கா 573 டிகிரியில் திடீரென்று விரியும். ஒருமுறை சூடு பட்டு வந்த மணல் அச்சில் அவ்வளவு தொல்லை தராது. வார்ப்பில் நரம்பு மாதிரி வரும் குறை குறையும். கோர் செய்பவர்கள் இந்த மணலை விரும்பி வாங்குவார்கள்.

விலை எரிபொருளில் இருக்கிறது. ஒரு டன் மணலை 700 டிகிரிக்கு ஏற்றத் தேவையான வெப்பம் மட்டுமே சுமார் 200 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எரியும் ரெசின் கொஞ்சம் திருப்பித் தரும், பர்னஸின் இழப்பு கொஞ்சம் தின்னும். தனி ஆளாக ஒரு சிறு பவுண்டரி இதைத் தாங்காது. நாள் முழுக்க அணையாமல் ஓடினால்தான் கட்டுப்படியாகும். எனவே இது பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்த வேண்டிய பொது வசதி. மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தில் இப்படிப்பட்ட பொது வசதி மையத்துக்குத் திட்டச் செலவின் பெரும்பகுதி மானியமாகக் கிடைக்கும்; உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு நிறுவனமாகப் பதிய வேண்டும்.

சிக்கல் பணத்தில் இல்லை, ஒழுக்கத்தில் இருக்கிறது. ஒருவர் சிலிகேட் மணலைக் கலந்து அனுப்பினால் எல்லார் மணலும் பர்னஸில் கட்டிதட்டும். எஃகு பவுண்டரிகள் அச்சு முகத்தில் போடும் குரோமைட் மணல், காரப் பைண்டரோடு சேர்ந்து காற்றோட்டமான சூட்டில் போனால், நச்சான ஆறு இணைதிறன் குரோமியம் உண்டாக வாய்ப்பிருக்கிறது. குரோமைட்டை முன்பே காந்தத்தால் பிரித்துவிடுங்கள். அது விலை கூடிய சரக்கு, திரும்பப் பயன்படும்.

## வழி 4: பிளாக், செங்கல், சிமெண்டுக்குக் கொடுப்பது

சேலத்துக்குச் சாதகமான வழி இது. மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலை நம்பி இந்த வட்டாரத்தில் சாம்பல் செங்கல் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஹாலோ பிளாக், பேவர் பிளாக் யூனிட்டுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை இருக்கிறது.

பிளாக்குக்கு: மெல்லிய மணலில் ஐந்தில் ஒரு பங்கை இரும்புப் பவுண்டரி மணலால் மாற்றினால் வலு பெரும்பாலும் குறைவதில்லை. அதற்கு மேல் போகப் போக, களிமண்ணும் கரித்தூளும் தண்ணீரைக் குடித்து வலுவை இழுக்கும். 10, 20, 30 சதவீதத்தில் சோதனைக் கட்டி போட்டு, 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்த்த பிறகு விகிதத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு அடுக்குப் பேவரில் அடி அடுக்குக்குக் கொடுத்தால் கறுப்பு நிறம் வெளியே தெரியாது.

வாங்குபவர் கேட்பது ஒன்றே ஒன்று: போன மாதம் வந்த மாதிரியே இந்த மாதமும் வர வேண்டும். ஒரு லோடில் ஆணியும் ரன்னர் துண்டும் இருந்து அவர் மிக்சர் பிளேடு உடைந்தால் அடுத்த லோடு உங்கள் கேட்டிலேயே நிற்கும். இரும்புத் துகள் மிஞ்சினால் பேவரில் துருக்கறை படியும். ஆகவே காந்தம், சல்லடை, உலர்த்தல் மூன்றும் உங்கள் செலவு. இலவசமாகக் கொடுத்தாலும் லாரி வாடகை பெரும்பாலும் உங்கள் தலையில்தான். கிரஷர் தூசியும் எம்-சாண்டும் நம் பக்கம் எளிதில் கிடைப்பதால், கழிவு மணலுக்கு நல்ல விலையை எதிர்பார்க்க வேண்டாம். வாங்குபவர் பெயர், அளவு, எதற்குப் பயன்படுத்தினார் என்பதற்கு ரசீது வைத்திருங்கள். பவுண்டரி நடத்த வாரியம் தரும் கன்சென்ட் அனுமதியில் இந்த வழியைக் குறிப்பிடச் சொல்லி வாரியத்திடம் கேளுங்கள்.

சிமெண்ட் ஆலைக்கு மணல் சிலிக்காவுக்கான மூலப்பொருள். சூளையின் சூடு 1,450 டிகிரி. ஆனால் ரெசின் மணலைக் கச்சாப்பொடியோடு சேர்த்துவிட்டால், அந்தச் சூட்டை எட்டும் முன்பே, பொடியை முன்னதாகச் சூடாக்கும் ப்ரீஹீட்டரில் ரெசின் ஆவியாகிப் புகைபோக்கி வழியாகப் போய்விடும். அதனால் ஆலைகள் கிரீன் சாண்டைத்தான் விரும்பும். மாதம் 20 டன்னுக்காக அவர்கள் பேச வர மாட்டார்கள். பல பவுண்டரிகள் சேர்ந்து ஒரே தரத்தில் பெரிய அளவு காட்டினால்தான் பேச்சு நடக்கும்.

பித்தளை மணலை இந்த வழியில் கொடுக்கவே கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2014இல் இரும்பு, எஃகு, அலுமினியப் பவுண்டரிகளின் சிலிக்கா மணலைத் தோட்ட மண் கலவைக்கும் சாலை அடித்தளத்துக்கும் ஏற்கலாம் என்று மதிப்பிட்டபோது, பித்தளை மணலை அந்த மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆலிவின் மணலையும் சேர்க்கவில்லை. இது நமக்கு முக்கியம். செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல்லோடு (மேக்னசைட்) கிடைக்கும் டூனைட் பாறையில் இருப்பது ஆலிவின்தான். மாங்கனீஸ் எஃகு வார்ப்பவர்கள் ஆலிவின் மணலைப் போடுகிறார்கள். அதில் நிக்கல், குரோமியம் உண்டு. சோதிக்காமல் பிளாக்குக்கு அனுப்பாதீர்கள்.

கசடு பற்றி ஒரு வரி: உடைத்துக் காந்தம் போட்டால் உள்ளே சிக்கிய இரும்பு கிடைக்கும், மீதியைச் சோதித்து இதே வழியில் கொடுக்கலாம்.

## வழி 5: கும்மிடிப்பூண்டி

அபாயகரக் கழிவுக்கான பாதுகாப்பான புதைகுழி. சேலத்திலிருந்து ஏறக்குறைய 380 கிலோமீட்டர். உறுப்பினராகப் பதிய வேண்டும், மாதிரி கொடுத்து அவர்கள் சோதித்து ஏற்க வேண்டும், அனுமதி பெற்ற வண்டி, ஒவ்வொரு லோடுக்கும் கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படிவம் 10. வாரியம் நீட்டித்துத் தந்தால் தவிர, பவுண்டரியில் 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. சிறியவர்களுக்கு இந்தக் காலக்கெடுவே பெரிய செலவு, பாதி லோடுக்கும் முழு வாடகை.

சாதாரண கிரீன் சாண்டை இங்கே அனுப்புவது காசையும் புதைகுழி இடத்தையும் வீணாக்குவது. வரம்பைத் தாண்டிய தூசிக்கும் பித்தளை மணலுக்கும் இதுதான் சரியான இடம். அவற்றுக்குப் பேரம் பார்க்காதீர்கள். பித்தளைக் கசடு மட்டும் வேறு: அதில் செம்பும் துத்தநாகமும் இருப்பதால் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு விற்கலாம். பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் சரக்கு | அளவு | மறைந்திருக்கும் செலவு | பொறுப்பு |
|---|---|---|---|---|
| பள்ளம் நிரப்புதல் | சோதித்த இரும்பு கிரீன் சாண்ட் மட்டும் | எதுவும் | புது மணல் பில், பிற்காலச் சுத்தம் | முழுதும் உங்களுடையது |
| உள்ளேயே மீட்பு | ஃபியூரான் நன்று. ஆல்கலைன் பீனாலிக் சுமார். சிலிகேட் கடினம் | மாதம் நூறு டன் மணலுக்கு மேல் | தூசி, லேப் ஆள், வார்ப்புக் குறை | குறைகிறது |
| பொதுத் தெர்மல் | ரெசின் மணல், கோர் மணல் | பலர் சேர்ந்து | எரிபொருள், பிறர் கலப்படம் | ஒப்பந்தப்படி பகிர்வு |
| பிளாக், சிமெண்ட் | இரும்பு, அலுமினிய கிரீன் சாண்ட். சோதித்த கசடு | சீராக வரும் எந்த அளவும் | சல்லடை, காந்தம், வாடகை | ரசீது இருந்தால் தெளிவு |
| கும்மிடிப்பூண்டி | வரம்பு தாண்டிய தூசி, பித்தளை மணல் | குறைந்த அளவு | பாதி லோடு வாடகை, 90 நாள் | படிவத்தோடு ஒப்படைப்பு |

நூறு டன் என்பது என் அனுபவக் கணக்கு. உங்கள் மணல் விலை கூடினால் எல்லைக்கோடு இறங்கும்.

## மூவருக்கும் என்ன சொன்னேன்

அண்ணன் தம்பிக்கு: மெக்கானிக்கல் மெஷின், அதோடு தூசி அமைப்பும் லேப் ஆளும். மூன்றில் ஒன்றுக்குக் காசு இல்லையென்றால் மூன்றையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். அதுவரை குவியலுக்குக் கூரை போடுங்கள், சோதனையை முடியுங்கள். அப்புறம், பக்கத்தில் உள்ள ரெசின் பவுண்டரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பொது வசதி பற்றி ஒரு பேச்சையாவது தொடங்குங்கள்.

கருப்பூர்க்காரருக்கு: மணலை நன்றாக நடத்துங்கள், தள்ளும் அளவு தானாகக் குறையும். மிஞ்சுவதைச் சலித்துப் பேவர்காரருக்குக் கொடுங்கள். அவர் ஏற்கெனவே 20 சதவீதத்தில் கட்டி போட்டு 7 நாள் உடைத்துப் பார்த்துவிட்டார். 28 நாள் வருவதற்குக் காத்திருக்கிறார்.

பித்தளைப் பட்டறைக்காரருக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மாதம் ஒன்றரை டன் மணல். அதற்குக் கும்மிடிப்பூண்டி என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "நாலு பேருக்குச் சம்பளம் போட்டுட்டு எனக்கு என்ன சார் மிஞ்சும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். தெருவில் அவரைப் போல இன்னும் ஆறு பட்டறைகள் இருக்கின்றன. ஆளாளுக்கு அனுமதி, ஆளாளுக்கு இரும்புப் பீப்பாய், ஆனால் ஒரே அனுமதி பெற்ற வண்டி ஒரே நாளில் ஏழு பட்டறைக்கும் வந்து போனால் வாடகை ஏழாகப் பிரியும். வாரிய அலுவலகத்தில் போய் இப்படிச் செய்யலாமா என்று முதலில் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தோம். வருகிற புதன்கிழமை நானும் அவரும் போகிறோம். மாதிரி மணல் இரண்டு கிலோ, நாலாகப் பிரித்து எடுத்தது, என் ஸ்கூட்டர் பெட்டியில் இருக்கிறது.